பவளைப் பக்கவாட்டில் பார்த்தது யார்?

போன மாதம் கொழும்பிலிருந்து எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. அனுப்பியவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள் இல்லை. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் எங்களோடு நின்று முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்தவர்கள். கணினியில் படம் கீறுகிற சின்னக் கூட்டம், எல்லாரும் எங்கட வயசு. போரில் பயன்பட்ட இராணுவ வாகனங்களை ஒவ்வொன்றாகக் கீறி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். படையினரின் சேவைக்குச் செய்கிற மரியாதை என்பதுதான் தலைப்பின் பொருள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று மொழியிலும் இரண்டிரண்டு வரி வரும். தமிழ் வரிகளை நீங்கள் எழுதித் தருவீர்களா, சும்மா வேண்டாம், காசும் தருகிறோம் என்று கேட்டிருந்தார்கள்.

படங்களையும் அனுப்பியிருந்தார்கள். உள்ளதைச் சொல்லவேணும், அருமையான வேலை. பவள் கவச வாகனத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. ரி-55 தாங்கியின் சங்கிலிப் பட்டி, எம்.ஐ-24 ஹெலியின் விசிறி, டோரா படகின் மூக்கு, கிபிர், மிக்-27. மொத்தம் இருபத்திரண்டு. எல்லாம் வெள்ளைப் பின்னணியில், எல்லாம் பக்கவாட்டில். நிலம் இல்லை, வானம் இல்லை, நிழல்கூட இல்லை.

முடியாது என்று எழுதினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. கோபம் இல்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்ட கேள்வி: நாங்கள் கீறினது வாகனத்தைத்தானே, ஆளை இல்லையே? துவக்குப் பிடித்த ஒருத்தரும் படத்தில் இல்லையே, பிறகென்ன பிரச்சினை?

அதுதான் பிரச்சினை என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இருக்கவில்லை. "இரண்டு வரிதானே, எழுதிக் குடுத்திட்டு விடுவம். எல்லாத்துக்கும் சண்டை பிடிச்சா பிறகு ஆரோட கதைக்கிறது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கு. கஞ்சி குடித்த அந்த நாளுக்கு எவ்வளவு பாடுபட்டோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறோம். அவர்களுக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும்தான்.

முதலில் ஒன்று. போருக்குப் போன ஒருவனை நினைக்க ஆசைப்படுவதில் நாங்கள் பிழை காணவில்லை. மொனராகலைப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலையும் இல்லாமல், வீட்டில் கடனும் ஏறி, வேற வழி தெரியாமல் ஆமியில் சேர்ந்த பெடியனின் தங்கச்சி அண்ணாவை நினைத்து விளக்குக் கொளுத்தினால், அதைக் கொளுத்தாதே என்று சொல்ல நாங்கள் ஆர்? எங்கட வீடுகளிலும் படம் மாட்டியிருக்கு. மாட்டப் பயந்து அலுமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்த படமும் இருக்கு. எங்கள் கேள்வி வேற. இந்த மரியாதை ஏன் ஆளை விட்டிட்டு வாகனத்துக்குப் போகுது?

ஏனென்றால் அது வசதி. ஆளைக் கீறினால் முகம் வேணும். அந்த முகத்தில் பயமா, களைப்பா, வெறியா, அவனுக்கு என்ன வயசு என்பதையெல்லாம் கீறுகிறவர் முடிவெடுக்க வேணும். வாகனத்துக்கு அந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. இரும்புக்கு வயசும் இல்லை, அம்மாவும் இல்லை.

பவளையே எடுப்போம். அதன் உட்பக்கம் எப்படி இருந்தது? மேலே கூரை இல்லாத ஒரு பெட்டி. அதற்குள் ஆட்கள் முதுகோடு முதுகு வைத்து இரண்டு வரிசையாக, வெளிப்பக்கம் பார்த்தபடி, உடம்பைப் பட்டியால் கட்டிக்கொண்டு இருப்பார்கள். கண்ணிவெடியில் ஏறினால் வெடியின் அமுக்கம் இரண்டு பக்கமும் சிதறிப் போகட்டும் என்று அடிப்பாகத்தை 'வி' எழுத்து மாதிரிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டி எதற்கு என்று ஒரு நிமிசம் யோசித்தால், அதைக் கட்டிக்கொண்டு ஏ9 வழியாக வந்தவனின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று விளங்கும். சேவையைக் கீறுவதென்றால் அதைக் கீறியிருக்கலாம். அனுப்பிய படத்தில் பவள் வெறுமையாக நிற்கிறது. உள்ளே ஒரு தலைகூட இல்லை. ஆளை இறக்கிவிட்டுத்தான் மரியாதை செய்திருக்கிறார்கள்.

இது புதிதும் இல்லை. 2019 நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் எங்கட வயசுக்காரர் சுவர் சுவராகப் படம் வரைந்ததை எல்லாரும் பார்த்தோம். மன்னர்கள், சிங்கங்கள், துவக்கோடு படையினர். அதே ஜனாதிபதியை மூன்று வருசம் முடியமுதல் அதே வயசுக்காரர்தான் கலைத்து அனுப்பினார்கள். சுவர்ப் படங்களைப் பற்றி அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நாங்கள் திரும்ப எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். போர் முடிந்து பத்து வருசம் ஆகமுதலே, கால் இல்லாத, கை இல்லாத முன்னாள் படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் றோட்டில் குந்தியிருந்தார்கள். பொலிஸ் அவர்களோடு மல்லுக்கட்டியது. அந்தக் காட்சியை ஒரு சுவரிலும் நாங்கள் காணவில்லை.

சிங்களக் கலைக்கு இதைச் செய்யத் தெரியாது என்று நாங்கள் சொன்னால் அது பொய். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த கலுவர' 1997இல் எடுத்த படம். கண் தெரியாத ஒரு கிழவன். ஆமிக்குப் போன மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. ஊர் முழுக்க அழுகிறது, கிழவன் மட்டும் நம்பவில்லை. நட்டஈட்டுத் தாளில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறான். கடைசியில் புதைத்ததைக் கிண்டிப் பார்த்தால் உள்ளே மகன் இல்லை. படையில் இருப்பவர்களின் மனம் தளரும் என்று சொல்லி 2000இல் இந்தப் படத்தைத் திரையிட விடாமல் தடுத்தது அரசு. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது வெளியில் வந்தது. படம் முழுக்கத் தேடினாலும் ஒரு தாங்கி கிடையாது. ஆனால் ஒரு சிப்பாய்க்கு இந்த நாட்டில் செய்யப்பட்ட மரியாதைகளில் அதைவிடப் பெரியது எங்களுக்குத் தெரிந்து இல்லை. அதைத்தான் தடை செய்தார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கிற மரியாதை அரசுக்கு வேண்டாம். சீல் வைத்த பெட்டி மாதிரியான மரியாதைதான் வேணும். இந்த இருபத்திரண்டு படங்களும் எங்கள் கண்ணுக்குச் சீல் வைத்த பெட்டிகள்தான்.

இனிப் பக்கவாட்டுக் கதைக்கு வருவோம்.

ஒரு தாங்கியை, ஒரு போர் விமானத்தை, நேர்ப் பக்கவாட்டில் முழுசாக, நிதானமாகப் பார்த்த ஆள் ஆர்? செய்தவன் பார்த்திருப்பான், விற்றவன் பார்த்திருப்பான், வாங்கக் கையெழுத்து வைத்தவன் பட்டியலில் பார்த்திருப்பான். அதற்குள் இருந்தவன் அப்படிப் பார்த்ததில்லை, அவன் உள்ளே இருந்தான். அதற்கு முன்னால் இருந்த சனமும் அப்படிப் பார்த்ததில்லை.

வன்னிச் சனம் கண்ணால் காணமுதல் காதால் அறிந்தவர்கள். கிபிருக்கு ஒரு சத்தம், மிக்குக்கு ஒரு சத்தம், ஹெலிக்கு ஒரு சத்தம். வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பேர் வைத்தார்கள், அந்த ரீங்காரத்தால் வந்த பேர். வண்டு தலைக்கு மேல் சுத்தினால் கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிபிர் பதியுது என்றால் கையில் என்ன இருந்தாலும் போட்டிட்டுப் பங்கருக்குள் பாய வேணும். கடலில் போகிறவர்களுக்கு டோரா என்ற சொல்லே போதும், வலையை அறுத்துவிட்டு வந்த கதைகள் கரையோரம் முழுக்க இருக்கு. இந்தப் பேர்களெல்லாம் பயத்தில் பிறந்த பேர்கள். தமிழ் வரி எழுதித் தரச் சொல்லி எங்களிடம் கேட்டார்களே, இந்த வாகனங்களைப் பற்றித் தமிழில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள் இவைதான். அந்தச் சொற்களை வைத்து எழுதினால் சுவரில் மாட்ட மாட்டார்கள். மாட்டக்கூடிய மாதிரி எழுதினால் அது தமிழாக இருக்காது, சிங்கள வரியின் நிழலாகத்தான் இருக்கும்.

எங்களில் ஒருவன் புதுக்குடியிருப்புப் பக்கம் பள்ளிக்கூடம் படித்தவன். கொப்பியின் கடைசித் தாளில் எப்போதும் விமானம்தான் கீறுவானாம். அவனிடம் இந்தப் படங்களைக் காட்டினோம். கிபிரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இது வடிவா இருக்கு. எனக்குத் தெரிஞ்ச கிபிருக்கு வயிறு மட்டும்தான்" என்றான். 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் விமானக் குண்டுவீச்சில் செத்தார்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் பார்த்ததும் வயிறுதான்.

வாகனத்தைக் கீறினால் அரசியல் இல்லை என்பவர்களுக்கு இன்னொன்று. அந்த வாகனங்கள் எங்கேயிருந்து வந்தன? பவள் தென்னாபிரிக்காவில், நிறவெறி அரசின் காலத்தில், அந்த அரசு தன் எல்லைப் போருக்காகச் செய்வித்தது. அடியில் இருப்பது ஜேர்மன் மெர்சிடஸ் கொம்பனியின் லொறிச் சட்டம். அதைப் பார்த்துத்தான் இங்கே யூனிபபல், யூனிகோர்ன் எல்லாம் செய்தார்கள். கிபிர் 1996இல் இஸ்ரேலில் இருந்து வந்தது. எபிரேய மொழியில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி. எங்கட நாட்டுக்குப் பொருத்தமான பேர்தான், பேர் வைத்தவனுக்கு எங்களைத் தெரியாவிட்டாலும். டோராவும் அங்கேயிருந்துதான். வீரத்தின் சின்னம் என்று நீங்கள் கீறுவது பெரும்பாலும் வேறு யாரோ விற்ற சாமான். அதற்குக் கட்டின காசில் நுவரெலியாத் தோட்டத் தொழிலாளியின் வரியும் உண்டு, அம்பாறை விவசாயியின் வரியும் உண்டு, ஏன், குண்டு விழுந்த ஊர்ச் சனம் வாங்கின சவர்க்காரத்தின் வரியும் உண்டு.

மிக்-27 படம் இந்த வரிசையிலேயே நல்ல படம். நிறச் சேர்க்கை அவ்வளவு துல்லியம். ஆனால் மிக்-27 என்றதும் இந்த நாட்டில் செய்தி வாசிக்கிற எவருக்கும் ஞாபகம் வர வேண்டியது வேற ஒன்று. 2006இல் உக்ரேனில் இருந்து நான்கு மிக்-27 வாங்கினார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் மோசடி நடந்தது என்று எழுதிய பத்திரிகைகளில் 'சண்டே லீடர்' ஒன்று. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ அதன்மேல் மானநட்ட வழக்குப் போட்டார். ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று காலை காரில் போகும்போது கொல்லப்பட்டார். கொன்றது ஆர் என்று இன்றுவரை ஒரு நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லவில்லை. லசந்த சிங்களவர். உங்கட ஆள். மிக்-27க்குக் கீழே இரண்டு வரி எழுதுவதென்றால் நாங்கள் இதைத்தான் எழுதுவோம். இதை விட்டிட்டு அதன் வேகத்தையும் இறக்கையின் நீளத்தையும் எழுதுவதற்குத் தமிழ் எதற்கு?

ஆனையிறவுக்குப் போனவர்களுக்கு ஏ9 ஓரத்தில் நிற்கிற புல்டோசரைத் தெரியும். இரும்புத் தகடு அடித்த, கறள் பிடித்த, பெரிய உருவம். அதையும் கீறியிருக்கிறார்கள். இந்த வரிசையிலேயே எங்களை நிறைய யோசிக்க வைத்த படம் அதுதான், ஏனென்றால் அது அரசின் வாகனமே இல்லை. புலிகள் 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமை அடிக்கத் தகடு போட்டு எடுத்துவந்த வாகனம். ஜூலை 14 அன்று காமினி குலரத்ன என்ற லான்ஸ் கோப்ரல் கையில் கிரனேட்டோடு அதில் ஏறி, அதை நிறுத்தி, செத்துப்போனார். பரம வீர விபூஷணம் முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. தெற்கில் இருந்து வருகிற பஸ்கள் எல்லாம் அங்கே நிற்கும். பிள்ளைகள் இறங்கி ஓடுவார்கள், படம் எடுப்பார்கள், பிறகு ஐஸ்கிறீம்.

அந்த மனுசன் செய்தது துணிவு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. தன்னோடு நின்றவர்களுக்காக ஏறினார். ஆனால் புல்டோசரை ஓட்டி வந்தவனும் ஒருத்தன் இருந்தானே? அவனுக்கும் ஊர் இருந்தது. அந்தத் தகட்டுக்குள் ஜூலை மாத ஆனையிறவு வெயிலில், வெளியே என்ன நடக்கிறது என்று ஒரு சின்ன ஓட்டையால் பார்த்துக்கொண்டு வந்திருப்பான். அவன் பேர் அங்கே எழுதப்படவில்லை. ஒரே இரும்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் செத்திருக்கிறார்கள், ஒரு பக்கத்துக்குத்தான் வேலி போட்டு விளக்கு வைத்திருக்கு. வடக்கில் புல்டோசருக்கு வேறொரு வேலையும் இருந்தது. துயிலும் இல்லங்களைத் தரைமட்டமாக்கினது அதுதான். கோப்பாயில் அப்படி மட்டமாக்கின நிலத்தின் மேல் படைத் தலைமையகமே கட்டினார்கள். அந்த புல்டோசரை ஆர் கீறுவார்?

இப்போது எங்கட பக்கத்துக்கு வருகிறோம். இதைச் சொல்லாமல் மேலே சொன்னதெல்லாம் செல்லாது.

நாங்களும் கீறினவர்கள்தான். 2007 மார்ச் 26 அன்று புலிகளின் குட்டி விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. அந்தக் கிழமை முழுக்கப் புதுக்குடியிருப்புக்காரன் கொப்பியில் அதைத்தான் கீறினானாம், அவன் மட்டும் இல்லை, வகுப்பில் அரைவாசிப் பேர். அதுவும் பக்கவாட்டில். கீழே ஆர் இருந்தார்கள் என்று ஒருத்தரும் கீறவில்லை. இன்றைக்கும் புலம்பெயர் நாடுகளில் நடக்கும் நிகழ்வுகளில் கடற்புலிப் படகின் மாதிரியைச் சோடித்து வைக்கிறார்கள். 1987 ஜூலை 5 அன்று நெல்லியடி முகாமுக்குள் வெடிமருந்து லொறியை ஓட்டிப்போன மில்லருக்கு இருபத்தியொரு வயசு. லொறியைக் கீறுவது லேசு. இருபத்தியொரு வயசைக் கீறுவது லேசில்லை, எங்களுக்கு இப்போது அதைவிட வயசு கூட என்பதால் சொல்கிறோம். கடைசி வருசங்களில் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க வந்த பிக்கப்பை எங்கட பக்கத்தில் எவராவது கீறியிருக்கிறார்களா? அம்மாமார் அந்த பிக்கப்பின் நிறத்தையும் சத்தத்தையும் மறக்கவில்லை. பெருமைப் படங்களின் வரிசையில் அதற்கு இடம் கிடையாது. அங்கேயும் ஆளை இறக்கிவிட்டு இரும்பைத்தான் கும்பிடுகிறோம்.

ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று கதையை இங்கே முடிக்க வராதீர்கள். நீங்கள் யூனிகோர்னைக் கீறிக் கொழும்பில் மாட்டலாம், அனுசரணைகூடக் கிடைக்கும். ஒரு தமிழ்ப் பெடியன் கடற்புலிப் படகைக் கீறி முகநூலில் போட்டால் அவனைத் தேடி வருவது பயங்கரவாதத் தடைச் சட்டம். நினைவுநாளில் முகநூலில் ஒரு படம் போட்டதற்காகவே பெடியளைப் பிடித்துப்போனது எல்லாருக்கும் தெரியும். கீற முடிந்தவர்களுக்கும் கீற முடியாதவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு "இது வெறும் வாகனம்தானே" என்று சொல்வது, சொல்பவருக்குத் தெரியாமலே, பெரிய சலுகை ஒன்றின் மேல் நின்று சொல்வது.

அப்படியானால் போர் வாகனத்தைக் கீறவே கூடாதா? அப்படி நாங்கள் சொல்லவில்லை. சந்திரகுப்த தேனுவர 1997இல் தொடங்கிக் கொழும்பின் சென்றிப் பொயின்ற்களில் நின்ற பச்சை உருமறைப்புப் பரல்களைத்தான் திரும்பத் திரும்பக் கீறினார். தினமும் கடந்துபோகிற, பழகிப்போன ஒரு இராணுவச் சாமானை எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்தார். இதற்கு எப்படிப் பழகினீர்கள் என்று அந்தப் பரல்கள் கேட்டன. மரியாதை எதையும் அவை கேட்கவில்லை.

இன்னொரு இடத்தில் பிள்ளைகள் கீறினார்கள். 2007இல் சாட் நாட்டின் அகதி முகாம்களில், சூடானின் டார்ஃபூரில் இருந்து ஓடிவந்த பிள்ளைகளுக்கு 'வேஜிங் பீஸ்' என்ற பிரித்தானிய அமைப்பு தாளும் பென்சிலும் கொடுத்தது. ஐநூறு படங்கள் சேர்ந்தன. எதைக் கீறியிருந்தார்கள்? வாகனத்தைத்தான். மேலே விமானம், ஹெலி. கீழே தாங்கி, துவக்குப் பூட்டின பிக்கப். ஆனால் அந்தப் படங்களில் வெள்ளைப் பின்னணி இல்லை. தாங்கிக்கு முன்னால் குடிசை எரிகிறது, குடிசைக்கு முன்னால் ஆட்கள் விழுந்து கிடக்கிறார்கள், ஓடுகிறவர்கள் ஓடுகிறார்கள். ஆரிடம் விமானம் இருந்தது, ஆரிடம் இருக்கவில்லை என்று எந்தப் பிள்ளையின் படத்தைப் பார்த்தாலும் தெரியும். அரசுப் படைகள் தாக்கவில்லை என்று சொன்ன சூடான் அரசுக்கு அதுவே பதில். ஹேக்கில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அந்தப் படங்களைப் பின்னணிச் சான்றாக ஏற்றுக்கொண்டது. கோணல் மாணலான பென்சில் கோடு, ஆணி ஒன்றும் தெரியாது. உங்கட படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கைத்திறமையில் இல்லை. கீறினவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கு.

இவ்வளவையும் எங்களுக்குள் கதைத்து முடிக்க மூன்று இரவு போனது. எழுதிக் குடுப்பம் என்று சொன்னவள் கடைசி வரைக்கும் தன் கருத்தை முழுசாக விடவில்லை. "முடியாது எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருக்கிறதும் வசதிதானே?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். அது சுட்டது. அவள் சொன்னதன்படிதான் இரண்டாவது கடிதம் எழுதினோம்.

கடிதத்தில் எழுதினது இது. இருபத்திரண்டு படத்துக்கும் தமிழ் வரிகளை நாங்கள் எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். ஆனால் வாகன வரிசையில் இரண்டு குறைகிறது, அதையும் நீங்கள் கீற வேணும். ஒன்று வெள்ளை வான். நம்பர் தகடு இல்லாதது. போர்க் காலத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. ஏறினவர்களில் சிங்களப் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். மற்றது ஒரு பஸ். 2009 மே 18 அன்று வட்டுவாகல் பக்கம், பிரான்சிஸ் ஜோசப் பாதிரியாரோடு சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ். ஏறும்போது பார்த்த சொந்தக்காரர் இருக்கிறார்கள். இறங்கினதைப் பார்த்தவர் இல்லை. அவர்களைத் தேடுகிற அம்மாமார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கொட்டில் போட்டு இருந்தார்கள். கண்டுபிடிக்காமலே கண்ணை மூடினவர்கள் கனபேர். அந்த பஸ்ஸையும் மற்றதைப் போலவே, வெள்ளைப் பின்னணியில், பக்கவாட்டில், ஒவ்வொரு ஆணியும் தெரியக் கீறுங்கள். யன்னல்களை மட்டும் வெறுமையாக விடவேண்டாம்.

கூட்டமாக இன்னும் பதில் வரவில்லை. கண்காட்சி அடுத்த மாதம். மிக்-27ஐக் கீறின பெடியன் மட்டும் போன வெள்ளிக்கிழமை தனியாக எழுதியிருந்தான். ஒரே ஒரு கேள்வி: அந்த பஸ் என்ன நிறம்?

எங்களுக்கும் தெரியாது. கேட்டுச் சொல்கிறோம் என்று எழுதினோம். இந்தக் கிழமை கிளிநொச்சிக்குப் போகிறோம்.